தொட்டிலில் மோசார்ட்

எதிர் ஃப்ளாட்டில் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பெயர் வைப்பதற்கு முன்பே மோசார்ட் வைத்துவிட்டார்கள். தொட்டில் பக்கத்தில் செல்போன். அதில் காலை, மாலை இரு வேளையும் பியானோ.

''மூளை நல்லா வளருமாம், அங்கிள்!'' என்றாள் குழந்தையின் அம்மா.

''ஏம்மா, நீ பாட மாட்டியா?''

''ஐயோ! ஸ்கூல் பிரேயர்ல பாட்டு மிஸ் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க. அதோட சரி.''

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எப்போதோ ஒரு மிஸ் சொன்னதற்காக இப்போது ஒரு தாலாட்டு நின்றுபோவதா?

இந்த மோசார்ட் விவகாரத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் சின்னதாக ஒரு கட்டுரை வந்தது. மோசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிஷம் கேட்டவர்கள், 'காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும்?' ரகப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்களாம். அந்தச் சாமர்த்தியமும் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. தவிர, சோதனைக்கு உட்கார்ந்த 36 பேரும் காலேஜ் மாணவர்கள். கைக்குழந்தை ஒன்றுகூடக் கிடையாது! இருந்தும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்க நிதி கேட்டார்.

உண்மையில் குழந்தைக்குப் பேச்சே முதலில் ராகமாகத்தான் போய்ச் சேருகிறது. 2009-ல் வந்த ஓர் ஆராய்ச்சிப்படி, பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகள் ஏறு ஸ்வரத்தில் அழுதன. ஜெர்மன் குழந்தைகள் இறங்கு ஸ்வரத்தில். அவரவர் தாய்மொழியின் ஏற்ற இறக்கம் அது. வயிற்றுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்!

2003-ல் சியாட்டிலில் பாட்ரீஷியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் காட்டினார்கள். ஒரு கோஷ்டிக்கு, ஆட்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 தடவை. இன்னொரு கோஷ்டிக்கு அதே சமாசாரம் டி.வி.யில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைக் கெட்டிக்காரத்தனமாகப் பிரித்து அறிந்தன. டி.வி. கோஷ்டிக்கு முட்டை மார்க்!

இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி எதிர் வீட்டில் பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். மோசார்ட் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால், கேட்க வேண்டியவர் போகவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு, கை காலை உதைத்து ஆரவாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.