வயதின் மேல் பழி போடாதீர்கள்

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிற நோய். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. அப்படி இளமையில் நோய் கண்டவர்கள் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டிருக்கிறார்கள். கால் பின்னினாலும் மறதி கூடினாலும் “வயசானா அப்படித்தான்” என்று சொல்லி விடுகிறோம். சிகிச்சைக்குரிய நேரம் அந்தப் பேச்சிலேயே கழிந்துவிடுகிறது.

இவர்களுக்கு வெயில் சாதாரண வெயில் அல்ல. உடல் சற்றே சூடேறினாலும் உறை தேய்ந்த நரம்புகளில் செய்தி தடைபடும். உடலை வருத்தி உழைக்கும்போது இந்நோயாளிகளுக்குப் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890-லேயே ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவு செய்திருக்கிறார். கத்திரி வெயிலில் வங்கி வாசலில் நிற்கும் மூதாட்டிக்குப் பார்வை மங்கும், கால் கனக்கும். நிழலில் உட்கார்ந்து உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் உட்கார இடம் வேண்டுமே!

சிறுநீரை அடக்க முடியாததும் இந்நோயின் தொல்லைதான். போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் உண்டு. அதனால் மலச்சிக்கல் வருகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் வழி பிறக்கிறது. தொற்றினால் காய்ச்சல் வந்தால், நேற்றுவரை கைத்தடியோடு நடந்தவர் படுக்கையோடு கிடக்க நேரும். தாங்கிப் பிடிக்கும் கணவருக்கும் எழுபது தாண்டியிருக்கும், அவருக்கே முட்டிவலி.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அரசின் பங்கு இதோடு தீரவில்லை. நம் பங்கோ இன்னும் தொடங்கவேயில்லை. அடுக்குமாடிச் சங்கம் படியோரம் கைப்பிடி வைக்கலாம். வங்கி மேலாளர் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிடலாம். பக்கத்து வீட்டு இளைஞர் வாரத்தில் ஒரு மாலை துணையிருந்தால் அந்தக் கணவர் சற்று வெளியே போய்வருவார். இதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

மே 1-இல் கிராம சபை கூடும்போது கத்திரி தொடங்க சில நாள்தான் இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை, இருக்கை, பூட்டாத கழிப்பறை: மூன்றையும் அன்றே தீர்மானமாகக் கேளுங்கள்.