குழந்தைக்குச் சர்க்கஸ், தகப்பனுக்குச் சூது

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி எந்த நாட்டிலும் ஒன்றுதான்: "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகமாட்டீர்களா?" பஞ்சாலைத் தொழிலாளியின் பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது. நாற்று நடப் போகிறவளின் பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் லாரி ஓட்டிப் பிழைக்கிறவனின் பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது. நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியையே தூண்டில் முள்ளில் கோத்து, தகப்பனின் சம்பளத்தைப் பிடிக்க ஒரு நகரமே கடை விரித்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கும் லாஸ் வேகாஸ்தான் அந்த நகரம். அதன் கதையை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில் கம்பெனி 1905-ல் மனை போட்டு ஏலம் விட்ட ஊர் அது. 1931-ல் நெவாடா சர்க்கார் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில்தான் சுமார் 30 மைல் தூரத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை கட்டும் வேலையும் ஆரம்பமாயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். ஆயிரக்கணக்கானோர் பெண்டு பிள்ளைகளுடன் வந்து கொளுத்தும் வெயிலில் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். கூலியைக் குறைத்ததும் 1931 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள், அது முறியடிக்கப்பட்டது. அணை முடிவதற்குள் வேலையில் செத்தவர்கள், சர்க்கார் கணக்குப்படியே 96 பேர். இவர்களுடைய சம்பள நாள்தான் லாஸ் வேகாஸ் சூதாட்டக் கடைகளுக்குத் திருவிழா நாள். பணக்காரர்களின் கேளிக்கைக்காகப் பிறந்த ஊர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அணைக் கூலியின் காசில் பல் முளைத்த ஊர் அது.

பிறகு ரவுடிக் கும்பல்கள் வந்தன. 1946 டிசம்பரில் பிளமிங்கோ விடுதியைத் திறந்தவன் பக்ஸி சீகல் என்ற கொலைகாரக் கும்பல்காரன். ஆறே மாதத்தில் அவனே சுட்டுக் கொல்லப்பட்டான். 1960-களின் கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்க்கெட்டில் பங்கு விற்கும் கம்பெனிகளும் சூதாட்ட விடுதி நடத்தலாம் என்று ஆயிற்று. ரவுடி போனான், டைரக்டர் போர்டு வந்தது. மேஜையும் யந்திரமும் அப்படியே இருந்தன.

இங்கேதான் குழந்தை வருகிறது. 1968-ல் 'சர்க்கஸ் சர்க்கஸ்' என்ற விடுதி திறக்கப்பட்டது. கட்டடமே சர்க்கஸ் கூடாரம் போல. கீழே சூதாட்டக் கூடம். தலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் பாயும் வித்தைக்காரர்கள். மேல் தளத்தில் பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கடைகள். காசு கொடுத்துப் பந்து எறி, பொம்மை ஜெயித்துக்கொள்! பெரியவனுக்குக் கீழே நடப்பது சிறியவனுக்கு மேலே நடக்கிறது, அவ்வளவுதான். 1990-ல் கோட்டை போலக் கட்டிய எக்ஸ்காலிபர் வந்தது. 1993-ல் மட்டும் மூன்று: பிரமிடு போல லக்ஸர், தெருவிலேயே கடற்கொள்ளைக்காரர்களின் கப்பல் சண்டை காட்டிய டிரெஷர் ஐலண்ட், 5,005 அறைகளும் 33 ஏக்கர் விளையாட்டுப் பூங்காவும் கொண்ட எம்.ஜி.எம். கிராண்ட். குடும்பத்தோடு வாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அமெரிக்கா முழுவதும் பிரசாரம் நடந்தது.

ஆனால் நெவாடா சட்டம் என்ன சொல்கிறது? 21 வயது ஆகாதவர் சூதாடக்கூடாது. சூதாடும் இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. குழந்தை அந்த வழியாக நடந்து போகலாம், நிற்கக்கூடாது. சரி, விடுதியை எப்படிக் கட்டியிருக்கிறார்கள்? அறைக்குப் போனாலும், சாப்பிடப் போனாலும், பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போனாலும், பெரும்பாலும் சூதாட்டக் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே கடிகாரம் கண்ணில் படாது, ஜன்னல் கிடையாது, ஆடுகிறவனுக்குச் சாராயம் இலவசம். குழந்தை நிற்கக்கூடாத இடத்தில் தகப்பன் நின்றுவிடுகிறான். சட்டமும் காப்பாற்றப்படுகிறது, முதலாளியின் கல்லாவும் நிறைகிறது!

1997-ல் நெவாடா எல்லையை ஒட்டிய ஒரு சூதாட்ட விடுதியில், தகப்பன் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், விடியாத வேளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தகப்பனை ஏசாதவர்கள் இல்லை. நள்ளிரவுக்கு மேலும் பிள்ளைகள் அலைகிற இடமாக அந்த விடுதியை நடத்தி லாபம் கண்டவர்களை எத்தனை பேர் கேட்டார்கள்?

நம் ஊரிலும் இந்தப் பழக்கம் உண்டு. சூதாடிக் கெட்டவனைத் திட்டிவிட்டு, சூதுக்கூடம் நடத்துகிறவனுக்கு மாலை போடுவார்கள். ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ஓரமாகத் துணி விரித்து லங்கர் கட்டை உருட்டுகிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போலீஸ் வந்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். லாஸ் வேகாஸ் முதலாளி ஓடவேண்டியதில்லை. அவனுடைய ரூலட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், அவற்றோடு பூஜ்யம் ஒன்று, இரட்டைப் பூஜ்யம் ஒன்று. ஒவ்வொரு குழிக்கும் ஒரு டாலர் வீதம் 38 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு குழியில் பந்து விழுந்தே தீரவேண்டும். விழுந்ததும் உங்கள் கைக்குத் திரும்பி வருவது 36 டாலர். 2 டாலர் வீட்டுக்காரனுக்கு. இதில் கைவேலை இல்லை, மோசடி இல்லை. சட்டப்படி, சர்க்கார் முத்திரையோடு, நூற்றுக்கு ஐந்துக்கு மேல். அதிர்ஷ்டம் என்பது ஆடுகிறவனுக்குச் சொல்கிற கதை. ஆட்டுவிக்கிறவனுக்கு அது வெறும் வட்டிக் கணக்கு. 2024-ல் நெவாடா சூதாட்ட விடுதிகள் இப்படி ஆட வந்தவர்களிடம் ஜெயித்து வைத்துக்கொண்டது 1,500 கோடி டாலருக்கு மேல்.

சரி, குழந்தைகள் மேல் வைத்த அந்தப் பாசம் நீடித்ததா? இல்லை. பிள்ளை குட்டியோடு வருகிறவன் இரவு சீக்கிரம் தூங்கப் போகிறான், மேஜையில் குறைவாக உட்காருகிறான் என்று கம்பெனிகள் கணக்குப் பார்த்தன. எம்.ஜி.எம். கிராண்டின் விளையாட்டுப் பூங்கா 2000-ல் மூடப்பட்டது. 2003-ல் டிரெஷர் ஐலண்டின் கடற்கொள்ளைக்காரர் சண்டையை எடுத்துவிட்டு, அரைகுறை ஆடைப் பெண்களின் ஆட்டத்தை வைத்தார்கள். இங்கே நடந்தது வெளியே போகாது என்ற பொருளில் ஒரு விளம்பரம் அதே ஆண்டில் நாடெங்கும் பரவியது. பத்து வருஷத்துக்கு முன்னால் "பிள்ளைகளை அழைத்து வா" என்றவன், "பிள்ளைகளை விட்டுவிட்டு வா" என்றான். குடும்பம், கலாசாரம், பண்பாடு என்று முதலாளி வர்க்கம் மேடையில் முழங்குவதெல்லாம் கணக்குப் புத்தகத்தின் அந்தந்தப் பக்கத்தைப் பொறுத்ததுதான்.

வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று அந்த ஊர் அழைத்ததில் இதைவிடக் கொடுமையானதும் உண்டு. 1951 முதல் 1962 வரை, லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 65 மைலில், திறந்த வெளியில் 100 அணுகுண்டுகளை அமெரிக்க சர்க்கார் வெடித்தது. விடுதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குண்டு வெடிக்கும் நேரத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். மாடியில் நின்று காளான் மேகம் பார்க்க விருந்து வைத்தார்கள். காற்று வீசிய திசையில் இருந்த யூடா மாநிலத்துச் சிற்றூர்களில் பிறகு புற்றுநோய் வந்தது. நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழும். அந்த ஊரில் உழைக்கிறவர்கள் யார்? அவர்களுக்குக் குழந்தைகள் இல்லையா? இருக்கிறார்கள். நகரத்தில் சுமார் ஒன்றரை லட்சம் விடுதி அறைகள். அவற்றில் விரிப்பு மாற்றுகிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், எச்சில் தட்டு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், கறுப்பின மக்கள், பெண்கள். அவர்களுடைய ஸ்தாபனம் 1935-ல் தோன்றிய சமையல் தொழிலாளர் யூனியன், 226-வது கிளை. இன்று அதில் சுமார் 60,000 பேர் அங்கத்தினர்கள்.

பிராண்டியர் என்ற விடுதியில் 1991 செப்டம்பர் 21 அன்று 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வருஷம், நாலு மாதம், பத்து நாள்! இரவு பகல் இருபத்து நாலு மணி நேரமும் வாசலில் மறியல். அந்த 550 பேரில் ஒருவர்கூடக் கருங்காலியாக உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தம் நடந்த காலத்திலேயே அவர்கள் குடும்பங்களில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. சில தோழர்கள் வெற்றியைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். பழைய முதலாளி விடுதியை விற்றுவிட்டுப் போனான். புதிய முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். 1998 பிப்ரவரியில் தொழிலாளிகள் தலைநிமிர்ந்து உள்ளே நடந்தார்கள். 'குடும்ப நகரம்' என்ற விளம்பரம் உச்சத்தில் இருந்த அதே வருஷங்களில், அதே வீதியில், வேறு குடும்பங்கள் வாழ்ந்த வாழ்க்கை இது.

அவர்கள் இப்போதும் ஓயவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் விடுதிகள் தினசரி அறை சுத்தம் செய்வதை நிறுத்தி ஆளைக் குறைக்கப் பார்த்தன. நாலு நாள் குப்பையை, அதுவும் பிள்ளைகள் தங்கிய அறையின் குப்பையை, ஒரே தடவையில் வாருவது எப்படிப்பட்ட வேலை என்று வீடு பெருக்குகிற எந்தத் தாய்க்கும் தெரியும். 2023 நவம்பரில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகே மூன்று பெரிய கம்பெனிகள் பணிந்தன. தினசரி சுத்தம் ஒப்பந்தத்தில் ஷரத்தாக ஏறியது. வர்ஜின் விடுதியில் 2024 நவம்பர் முதல் 69 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2025-ல் அந்தப் பெருவீதியின் பெரிய சூதாட்ட விடுதிகள் எல்லாவற்றிலும் யூனியன் வந்துவிட்டது.

அப்படியானால் சூதாட்ட முதலாளி வாழ்ந்தால்தான் தொழிலாளி வாழ்வான் என்று சொல்கிறவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறோம். அவ்வருஷம் மார்ச்சில் விடுதிகள் 78 நாள் மூடப்பட்டன. ஏப்ரலில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை. வீடற்றோர் தங்கும் விடுதி ஒன்று தொற்றினால் மூடப்பட்டபோது, அங்கிருந்த ஏழைகளை ஒரு கார் நிறுத்தும் மைதானத்துக்குக் கொண்டுபோய், தார்த் தரையில் வெள்ளைக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒருவராகப் படுக்கச் சொன்னார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒன்றரை லட்சம் மெத்தை போட்ட அறைகள் காலியாகக் கிடந்தன!

விடுமுறைக்கு வருவோம். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில், தொழிலாளிக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்கவேண்டும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் இன்றும் கிடையாது. கிடைக்கிற ஓரிரு நாளில் எங்கே போவது? மலிவாக அறை கொடுத்து அழைக்கிறவனிடம் போகிறான். பிரான்ஸ் தேசத்தில் 1936-ல் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி இரண்டு வாரம் சம்பள லீவு வாங்கினார்கள். ரயிலில் கட்டணச் சலுகையும் கிடைத்தது. அந்தக் கோடையில்தான் எத்தனையோ தொழிலாளிப் பிள்ளைகள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தன.

நம் நாட்டில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பள லீவு என்று எழுதியது. 240 நாள் நிறையாமல் காண்டிராக்டில் வைத்து ஏய்த்த வித்தை நமக்குத் தெரியாததல்ல. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 180 நாள் ஆகியிருக்கிறது. காண்டிராக்ட் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. வயலில் உழைக்கிறவருக்கோ லீவு என்றால் வேலை கிடைக்காத நாள், கூலி இல்லாத நாள். விவசாயத் தொழிலாளிக்கும் சம்பள லீவு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952-லேயே உடன்படிக்கை செய்தது. இந்திய சர்க்கார் அதில் இதுவரை கையெழுத்திடவில்லை.

இதற்குள் சூதாட்ட நகரம் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஏராளமாக உழைக்கும் சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன. ஒன்றைக் கட்டியது லாஸ் வேகாஸ் கம்பெனி. இன்னொன்று பிள்ளைகளுக்கான பெரிய விளையாட்டுப் பூங்காவோடு சேர்ந்தது. அங்கே சொந்தக் குடிமகன் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டவேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. யாருடைய சம்பளத்தைக் காக்கிறார்கள், யாருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்கள் கவனிக்கட்டும். ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பள லீவு, குடும்பத்துக்கு ரயில் கட்டணச் சலுகை ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 1952-ம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடு என்ற கோரிக்கையை விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் ஊர்க் கூட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.