விளக்கை அணைக்கலாம், நெட்டை என்ன செய்வது?

கரண்ட் பில்லும் சமையல் எரிவாயுவும் ஏறினால், ஓய்வூதியக் குடும்பங்களில் முதல் வெட்டு நெட் இணைப்பின் மேல்தான் விழுகிறது. “நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இது? எடுத்துடச் சொல்லுங்க” என்ற பேச்சைக் கடற்கரையில் நடக்கும்போது அடிக்கடி கேட்கிறேன். இதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரான்சில் மின் கட்டணச் சீட்டில் இரண்டு கணக்கு இருக்கும். ‘அபொன்மான்’ என்பது இணைப்புக்கான நிலைக் கட்டணம். ‘கொன்சொமாசியோன்’ என்பது எரித்த யூனிட்டுக்கான காசு. பிரெஞ்சில் படித்தவன் என்பதாலோ என்னவோ, எந்தச் செலவையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

நம் கரண்ட் பில்லில் பெரும்பகுதி இரண்டாவது வகை. சுவிட்சை அணைத்தால் குறையும். நெட் முழுக்க முதல் வகை. ஒரு மணி நேரம் பார்த்தாலும் பத்து மணி நேரம் பார்த்தாலும் அதே தொகை. ஆகவே இரண்டிலும் ஒரே மாதிரி சிக்கனம் செய்ய முடியாது.

சிலர் இரவில் ரௌட்டரை அணைத்து மிச்சம் பிடிக்கிறார்கள். பத்து வாட் ரௌட்டர் மாதம் முழுக்க எரிந்தாலே ஏழு யூனிட்தான். இரவு எட்டு மணி நேரம் அணைத்தால் மிஞ்சுவது இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு கிலோவாட் கெய்சர் ஒன்றேகால் மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி போட்டால், தினம் பத்து மணி நேரம் என்று வைத்தாலும் மாதம் 13 யூனிட் மிஞ்சும். கை வைக்க வேண்டியது அங்கேதான்.

நெட்டில் மிச்சம் பிடிக்கும் வழி ஒன்றுதான்: சின்னத் திட்டத்துக்கு இறங்குவது. வீடியோவில் பேசவும், செய்தி படிக்கவும், டிவியில் ஒரு படம் பார்க்கவும் 30 மெகாபிட் வேகம் இருவருக்குத் தாராளம். 699 ரூபாய்த் திட்டம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 825 ஆகிறது. 399 ரூபாய்த் திட்டம் 471. வருடத்துக்கு 4,248 ரூபாய் வித்தியாசம். நாலு சிலிண்டர் வாங்கலாம்! பார்க்காத சினிமா சேனல்களையும், சில மாதங்களில் முடிந்துவிடும் சலுகை விலையையும் காட்டித்தான் பெரிய திட்டத்தை நம் தலையில் கட்டுகிறார்கள்.

இன்னொன்று. மின் கட்டணத்தை ஏற்றுமுன் ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்கிறது. நாம் எழுந்து நின்று ஆட்சேபிக்கலாம். நெட் கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. அங்கே நம் கையில் இருப்பது, “குறைந்த திட்டத்துக்கு மாற்று, இல்லையேல் வேறிடம் போகிறேன்” என்ற ஒரு வார்த்தைதான். வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லுங்கள்.

“செல்போன் டேட்டா போதாதா?” என்பார்கள். தனியாக இருப்பவருக்கு, வீட்டுக்குள் சிக்னல் நன்றாகக் கிடைத்தால், போதும். ஆனால் நம்மூர்ப் பழைய காரைச் சுவர் வீடுகளில் உள்ளறைக்குச் சிக்னல் எங்கே வருகிறது? பிள்ளைகள் பாரீசில் இருக்கும் வீடுகள் இங்கே எத்தனை! என் மனைவி ஞாயிற்றுக்கிழமை பேரனோடு ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசுகிறாள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றையும் இப்போது வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம். மூட்டு வலியோடு வரிசையில் நிற்க வேண்டாம்.

திட்டத்தைக் குறையுங்கள். இணைப்பை எடுத்துவிடாதீர்கள். நம் வயதில் வெளியுலகுக்கு இருக்கிற கதவே சில வீடுகளில் அது ஒன்றுதான்.