ஒரு வார்த்தை, 47 நோயாளிகள்!

ஜெர்மனியின் தலைநகரம் பெர்லின். அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில் 2006 மே மாதம் முதல் 2007 மார்ச் மாதம் வரை, 47 பேருக்குச் செயற்கை முழங்கால் மூட்டு தவறாகப் பொருத்தப்பட்டது.

மூட்டில் குறை இல்லை. குறை எங்கே? மூட்டு வந்த பெட்டியின் மேல் இருந்த இங்கிலீஷ் வாசகத்தைப் புரிந்து கொண்டதில்!

"நான்-மாடுலர் சிமெண்டட்" என்று அதில் எழுதியிருந்தது. இங்கிலீஷில் "நான்" என்று முன்னால் வந்தால் "அல்லாத" என்று பொருள். "மாடுலர்" என்றால் பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. "சிமெண்டட்" என்றால் சிமெண்டு வைத்துப் பொருத்த வேண்டியது. (இது வீடு கட்டும் சிமெண்டு அல்ல. எலும்பில் மூட்டை ஒட்ட வைக்கும் மருத்துவப் பசை.)

ஆக, "இது துண்டுகளாகச் சேர்த்தது அல்ல, சிமெண்டு வைத்துப் பொருத்துக" என்பதே சரியான பொருள். ஆனால் ஜெர்மனில் புரிந்து கொண்டபோது "அல்லாத" என்பது இடம் மாறிச் சிமெண்டோடு ஒட்டிக் கொண்டது. "சிமெண்டு இல்லாதது" என்று ஆகிவிட்டது! சிமெண்டு வைக்காமலே மூட்டைப் பொருத்தி விட்டார்கள். பலர் மீண்டும் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியதாயிற்று.

நமக்கு என்ன?

"எங்கோ நடந்தது நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஜெர்மனியில் முதியவர்கள் பெருகி வருகிறார்கள். வேலைக்கு ஆள் போதவில்லை. ஆகவே 2024 அக்டோபரில் அந்த நாட்டு அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. தொழில் தெரிந்த இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 விசா கொடுத்து வந்ததை 90,000 வரை உயர்த்துவதாகச் சொன்னது. நர்சுகளுக்கு அங்கே நல்ல கிராக்கி.

ஆனால் நர்சாக முழு அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழி தெரிய வேண்டும். மொத்தம் ஆறு படிகள். பெரும்பாலும் நான்காவது படியான "பி-2" வரை தேறியாக வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் ஜெர்மனை எப்படிப் படிக்கிறார்கள்? முதலில் தமிழில் நினைக்கிறார்கள். அதை இங்கிலீஷில் மாற்றுகிறார்கள். பிறகு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாக ஜெர்மனில் மாற்றுகிறார்கள். இங்கேதான் வழுக்குகிறது.

சாப்பாடும் குளிரும்

விருந்துக்குப் போகிறீர்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்கிறார்கள். இங்கிலீஷில் "ஐ ஆம் ஃபுல்" என்று சொல்வது வழக்கம். இதை அப்படியே "இஷ் பின் ஃபோல்" என்று ஜெர்மனில் சொன்னால், "குடித்து நிறைந்திருக்கிறேன்" என்று நினைத்துச் சிரிப்பார்கள்! "இஷ் பின் ஸாட்" என்பதே சரி.

குளிர்கிறது. இங்கிலீஷில் "ஐ ஆம் கோல்டு". இதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், "நான் இரக்கம் இல்லாதவன்" என்பது போல ஒலிக்கும். ஜெர்மானியர் "மீர் இஸ்ட் கால்ட்" என்பார்கள். "மீர்" என்றால் "எனக்கு". நாமும் "எனக்குக் குளிர்கிறது" என்றுதானே சொல்கிறோம்! தமிழிலிருந்து நேரே போயிருந்தால் தவறே வந்திராது.

நீயா, நீங்களா?

இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே "யூ" தான். ஜெர்மனில் அப்படி இல்லை. வீட்டாருக்கும் நண்பருக்கும் "டூ". மற்றப் பெரியவர்களுக்கு "ஸீ". நம்முடைய "நீ", "நீங்கள்" போலவேதான். கடவுளைக்கூட அவர்கள் "டூ" என்றே அழைக்கிறார்கள். நாமும் ஆண்டவனை "நீ" என்று அழைப்பதில்லையா?

எண்பது வயது நோயாளியிடம் புதிதாக வந்த நர்ஸ் "டூ" என்று பேசினால் அவர் முகம் சுளிப்பார். தாத்தாவை "நீ" என்று அழைத்தது போல் ஆகும். தமிழ்ப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். இங்கிலீஷ் குறுக்கே வந்தால்தான் மறந்து போகிறது.

மருந்து எத்தனை மணிக்கு?

இங்கிலாந்தில் பேச்சு வழக்கில் "ஹாஃப் எய்ட்" என்றால் எட்டரை மணி. ஜெர்மனில் "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் ஏழரை மணி! எட்டாவது மணி பாதி ஆகியிருக்கிறது என்று அவர்கள் கணக்கு. வார்த்தைகள் ஒன்றே, நேரத்தில் ஒரு மணி வித்தியாசம். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் நேரம் இது என்றால் என்ன ஆகும்?

இன்னொரு வேடிக்கை. "கிஃப்ட்" என்றால் இங்கிலீஷில் பரிசு. ஜெர்மனில் அதே "கிஃப்ட்" என்றால் விஷம்!

கைபேசி போதாதா?

இப்போது கைபேசியே மொழிபெயர்க்கிறது. முழு வாக்கியமாகக் கொடுத்தால் பல சமயம் நன்றாகவே செய்கிறது. ஆனால் யார், யாரிடம், எந்த இடத்தில் பேசுகிறார் என்பது அதற்குத் தெரியாது. பெட்டியின் மேல் உள்ளதைப் போன்ற துண்டு வாசகம் என்றால் இன்னும் ஆபத்து. சந்தேகம் வந்தால் விஷயம் தெரிந்த ஓர் ஆளைக் கேட்பதே நல்லது.

ஆகவே ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் தனி வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த இடத்தில், யாரிடம் சொல்வது என்பதோடு சேர்த்து முழு வாக்கியத்தைப் படிக்கட்டும். முதலில் படிக்க வேண்டிய வாக்கியம் இது: "நோஹ் ஐன்மால், பிட்டே." அதாவது, "தயவு செய்து இன்னொரு முறை சொல்லுங்கள்."

இப்படிக் கேட்பதில் வெட்கம் இல்லை. பெர்லினில் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவர், "இதன் பொருள் என்ன?" என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். 47 பேர் தப்பியிருப்பார்கள்.