கனத்தைப் பார்த்துப் பட்டு வாங்கலாமா?

சென்ற ஆவணியில் நம் சங்க அன்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க நானும் துணைக்குப் போயிருந்தேன். பெங்களூரில் பெரிய கடைதான். கூட வந்த மாமி ஒரு சேலையைக் கையில் ஏந்தி, "என்ன கனம் பாருங்கோ, நல்ல பட்டு!" என்றார். கடைக்காரரும் ஆமோதித்துத் தலையாட்டினார். கல்யாணக் காரியத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். அன்று விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கனம் வேறு, பலம் வேறு. பட்டு விஷயத்தில் சில சமயம் இரண்டும் எதிரிகள்கூட.

புழு நூற்ற பட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசை. சோப்பு நீரில் கொதிக்க வைத்துப் பசையை எடுத்தால்தான் மினுமினுப்பும் மென்மையும் வரும். ஆனால் எடை போட்டு வாங்கிய வியாபாரிக்கு நாலில் ஒரு பங்கு நஷ்டம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வெள்ளீயக் குளோரைடு கரைசலில் ஒரு முழுக்கு, சோடியம் பாஸ்பேட்டில் ஒரு முழுக்கு. திரும்பத் திரும்பச் செய்தால் வெள்ளீய உப்பு இழைக்குள்ளேயே தங்கி, போன எடை திரும்பி வரும். அதற்கு மேலும் ஏறும். துணி கனத்துச் சரசரவென்று சத்தம் போடும். வாங்குகிறவருக்குப் பரம திருப்தி! அந்த உடைகள்தான் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, தொட்டால் உதிர்கின்றன. வெளிச்சமும் காற்றும் பட்டை அரிக்கின்றன. உள்ளே இருக்கும் உலோக உப்பு அந்த அரிப்பை விரைவுபடுத்துகிறது. உலோகம் ஏற்றிய பட்டென்றால் அதை வெளியே சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1938-இல் விதி கொண்டுவந்தார்கள்.

இரும்பும் இப்படித்தான். என் தாயாரிடம் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஒரு பட்டுச் சேலை இருந்தது. 1950-களில் வாங்கியது. சில வருஷங்களுக்கு முன் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். கறுப்பு நூல் மட்டும் பொடியாகக் கொட்டியது. மஞ்சள் நூல் அப்படியே வலை மாதிரி கையில் நின்றது. ஒரே பெட்டி, ஒரே பாச்சை உருண்டை, ஒரே வயது. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கறுப்பு ஏற்றுவது பழைய முறை. அந்தக் கறுப்பு, பட்டுக்கு எமன்.

அப்படியானால் உலோகமே பட்டுக்கு ஆகாதா என்றால், அதுவும் இல்லை. புழுவே உலோக அயனிகளைக் கொண்டுதான் வேலை செய்கிறது. அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு. புழுவின் சுரப்பியில் பட்டுப் புரதம் கெட்டிக் கஞ்சி போல இருக்கிறது. அது பின்புறத்திலிருந்து வாய்ப்பக்கம் நகர நகர நீர் குறைகிறது, புளிப்பு ஏறுகிறது, பொட்டாசியம் கூடுகிறது. புழு தலையை ஆட்டி இழுக்கும்போது புரதச் சங்கிலிகள் தகடு தகடாக அடுக்கிக்கொண்டு இழையாகின்றன. கொதிக்கும் உலை இல்லை, உருட்டாலை இல்லை. ஒரு விரல் நீளப் பிராணி செய்கிற வேலை!

2022-இல் சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகத்தார் சாதாரணப் பட்டை எடுத்துப் பசை நீக்கி, கரைத்து, துத்தநாக அயனியும் இரும்பு அயனியும் உள்ள கரைசலில் மறுபடி இழையாக இழுத்தார்கள். அதன் இழுவலிமை சராசரியாக 2,000 மெகாபாஸ்கல். நம் ரயில் தண்டவாள எஃகுக்குக் கேட்பது குறைந்தது 880. பட்டின் அடர்த்தியோ எஃகில் ஆறில் ஒரு பங்கு! தண்டவாளத்தோடு காலம் கழித்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அங்கேயும் இரும்பு, என் தாயார் சேலையிலும் இரும்பு. எஃகிலும் கரி அளவோடு இருந்தால் உறுதி, மிஞ்சினால் நொறுங்கும். புரதச் சங்கிலிகளை இழை உருவாகும்போதே பிணைக்கிற அயனி ஒன்று. உருவான இழைக்குள் எடைக்காகவோ நிறத்துக்காகவோ திணிக்கிற உப்பு இன்னொன்று.

ஆகவே என் கோரிக்கை இதுதான். சில்க் மார்க் சீட்டு, இது அசல் பட்டு என்று சொல்கிறது, நல்லது. அதோடு பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம், எரித்தால் மிஞ்சும் சாம்பல் எத்தனை சதவீதம் என்றும் எழுதட்டும். நான் வாங்கிய எந்தச் சேலையிலும் இதைப் பார்த்ததில்லை. இருபதாயிரம் ரூபாய் கொடுக்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா? சிமெண்டு மூட்டைக்குக்கூடத் தரம் அச்சடிக்கிறார்கள்.

அதுவரை, முந்தானை ஓரத்தில் ஜரிகை இல்லாத இடத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பட்டு முடி கருகுகிற வாசனையோடு சுருண்டு, நசுக்கினால் பொடியாகும் கரிய மணியாக நிற்கும். உலோகம் ஏற்றியதென்றால் நூலின் வடிவம் மாறாமல் சாம்பல் கூடாக நிற்கும். இன்னொன்று: வியர்வையை அடக்கும் பூச்சுகளில் அலுமினிய உப்பு உண்டு. அதைப் பூசிக்கொண்டு பட்டு உடுத்தினால் அக்குள் பக்கம் சீக்கிரம் நைந்துபோகும். இளைய பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அந்த மாமி எடுத்த சேலையிலிருந்தும் கல்யாணம் முடிந்தபின் இரண்டு நூல் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பார்த்தேன். சுத்தப் பட்டுதான். கனமெல்லாம் ஜரிகையினுடையது.