கேமரா மகளின் கையில் இருந்தால்

2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்காக நிலக்கரிச் சுரங்க நகரான நெய்வேலிக்கு வந்த விஜய், வாகனத்தின் மேல் ஏறி நின்று ரசிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி நாடெங்கும் பரவியது. சினிமாவுக்கு இந்த ஊர் பெரும்பாலும் ஒரு பின்னணிதான்: பிரம்மாண்டமான பள்ளம், ராட்சத இயந்திரம், புகைபோக்கி. குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் வளரும் மகளைத் தேடி எந்தப் பெரிய படக்குழுவும் வரப்போவதில்லை. அவள் கதையைச் சொல்லக் குறும்படமே ஏற்ற வடிவம். 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடத்திவரும் ஊர் இது. அதையொட்டிச் சிறுகதைக்கும் குறும்படத்துக்கும் போட்டிகள் வைத்துப் பரிசளித்த ஊரும்கூட.

அந்தக் கதைக்கு இங்கே அவசரம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள் என்பது தமிழகச் சராசரி. நெய்வேலி அமைந்திருக்கும் கடலூர் மாவட்டத்தில் அந்த எண் 900-க்கும் கீழே போனது. நல்ல சம்பளமும் நல்ல பள்ளிகளும் கொண்ட டவுன்ஷிப்பைச் சுற்றியிருக்கும் மாவட்டத்தின் நிலை இது. பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும் படிப்பு முடியும்வரை அவகாசம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் பதினெட்டு நிறையும் முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள்.

இணையத்தில் பெரும் கவனம் பெற்ற தமிழ்க் குறும்படங்களில் ஒன்று, 2018-ல் சர்ஜுன் இயக்கிய ‘மா’. பள்ளியில் ஹாக்கி ஆடும் பதினைந்து வயது அம்மு கர்ப்பமாகிறாள். அனிகா மகளாகவும் கனி குஸ்ருதி தாயாகவும் நடித்த இந்தப் படத்தில் ஊர் கூடுவதில்லை, பஞ்சாயத்து நடப்பதில்லை. எல்லாம் ஒரு வீட்டுக்குள், இரண்டு பெண்களுக்கு நடுவே நடக்கிறது. தாயின் கோபம் எங்கே அச்சமாகிறது, அச்சம் எங்கே மகளைக் காப்பாற்றும் பிடிவாதமாகிறது என்பதைக் கனியின் முகம் படிப்படியாகக் காட்டுகிறது. கணவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கும் தாய்மார்களை நம் தெருக்களில் நாம் அறிவோம். திரையில்தான் அவர்களை அதிகம் பார்த்ததில்லை. அந்த வகையில் ‘மா’ துணிச்சலான படம்.

ஆனாலும் அது தாயின் படம். தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. அம்மு என்ன நினைத்தாள், எதை விரும்பினாள், மறுபடி மைதானத்தில் மட்டையைப் பிடிக்கும்போது அவள் உடம்பு அவளுக்கு எப்படி இருந்தது? இந்தக் கேள்விகளின் வாசல்வரை வந்து படம் நின்றுவிடுகிறது.

2020-ல் வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் கௌதம் மேனன் இயக்கிய ‘வான்மகள்’ இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. வன்கொடுமைக்கு ஆளாவது ஒரு சிறுமி. ஆனால் கதை தாயின் தவிப்பாகவும் தந்தையின் கலக்கமாகவும் அண்ணனின் பழிவாங்கலாகவும் பிரிந்து போகிறது. அந்தத் தாயின் மனத்தில் மானம் பற்றி ஓடும் பயங்கரத்தை மறைக்காமல் காட்டியது படத்தின் நேர்மை. ஆயினும் காயப்பட்டவளின் பார்வை நமக்குக் கிடைப்பது சொற்பமே. பூப்பு, கர்ப்பம், வன்முறை என ஏதாவது நேர்ந்தால்தான் பெண்பிள்ளை நம் கதைகளுக்குள் வருகிறாள். ஒன்றும் நேராத நாட்களிலும் அவள் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறாள்?

ஈரானின் மர்ஸியே மெஷ்கினி 2000-ல் எடுத்த ‘நான் பெண்ணான நாள்’ மூன்று தனிக்கதைகளால் ஆனது. முதல் கதையில் ஹவாவுக்கு அன்று ஒன்பது வயது நிறைகிறது. நண்பகலுக்குப் பிறகு பையன்களோடு விளையாடக் கூடாது. மண்ணில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலைப் பார்த்துப் பார்த்து, மிச்சமிருக்கும் நேரத்தில் விளையாடத் துடிக்கிறாள். அடி இல்லை, அலறல் இல்லை. ஒரு குழந்தைப் பருவம் நம் கண் முன்னால் முடிந்துபோகிறது. பெரிய நிகழ்வு எதுவும் இல்லாமலே நெஞ்சை அடைக்க வைக்கும் இந்த ஆற்றல் குறுகிய படத்துக்கு இயல்பாக வருவது.

நெய்வேலியில் இப்படிப்பட்ட தருணங்களுக்குப் பஞ்சமா என்ன? நைட் ஷிப்ட் முடித்து அப்பா பகலில் உறங்கும் வீட்டில் சத்தமில்லாமல் வளரும் மகள். மரநிழல் கவிந்த வட்டச் சாலைகளில் நேற்றுவரை தனியாக சைக்கிள் ஓட்டியவளுக்கு, ‘பெரிய மனுஷி’ ஆன மறுமாதம் துணைக்கு அனுப்பப்படும் தம்பி. அவன் அவளைவிட நான்கு வயது சின்னவன். பள்ளியில் ஒரே பெஞ்சில் அமரும் இரண்டு தோழிகள்: ஒருத்தியின் அப்பா நிரந்தரத் தொழிலாளி, இன்னொருத்தியின் அப்பா கான்ட்ராக்ட்.

டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே கதை இன்னும் கனமானது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்தின் கால்வாய்ப் பணிக்காக, கதிர் பிடிக்கும் நிலையில் இருந்த நெற்பயிரை இயந்திரங்கள் மண்ணோடு புரட்டிய காட்சியைத் தமிழகமே பார்த்தது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்களும் அவர்களின் மகள்களும் அதை எப்படிப் பார்த்தார்கள்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை கேட்கும்போது, அந்த வேலை அண்ணனுக்கா தங்கைக்கா என்ற பேச்சு எந்தத் திண்ணையில், யார் குரலில் முடிவாகிறது? செய்திகளில் வராத இந்தப் பேச்சைக் கேட்க ஒரு கேமரா வேண்டும்.

பெண்ணே எடுத்தால் எதிர்ப்பு வராது என்று யாரும் நம்ப வேண்டாம். வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ முழுநீளப் படம் 2025-ல் ராட்டர்டாம் விழாவில் நெட்பாக் விருது பெற்றது. பள்ளிப் பருவத்திலிருந்து ஒரு பெண்ணின் ஆசைகளை அவள் வாயாலேயே சொன்னதற்காக, முன்னோட்டம் வந்த நாளிலிருந்தே கண்டனங்களையும் வழக்கையும் சந்தித்தது. நல்ல மகள், கெட்ட மகள் என்று பிரிக்காமல் ஒருத்தியைப் பார்க்க நமக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

அந்தப் பழக்கத்தை நெய்வேலி தொடங்கிவைக்கலாம். புத்தகக் கண்காட்சியின் குறும்படப் போட்டியில் பள்ளி மாணவிகளுக்கென்றே ஒரு பிரிவு வேண்டும். செல்போனில் எடுத்த ஐந்து நிமிடப் படம் போதும். மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு உள்ள அதே வாய்ப்பு வேண்டும். பயிற்சிக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கினால் நடக்கக்கூடிய காரியம். தேர்வான படங்களைக் கண்காட்சி மேடையிலேயே மாலையில் திரையிட வேண்டும். அந்த நேரத்துக்கு ஜெனரல் ஷிப்ட் முடித்த அப்பாக்களும் வந்து உட்கார முடியும்.