உப்புக்குப் பக்கத்தில் பாய்லர் பவுடரா?

நம் ஆரணியில் "சோடா" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைத்த அம்மா கேட்டால் அது ஆப்ப சோடா. பட்டு நூலைச் சோப்போடு வேகவைத்துப் பசை எடுக்கும் பட்டறைக்காரர் கேட்டால் அது சலவை சோடா. ரைஸ் மில்லிலிருந்து பாய்லர் கழுவ ஆள் வந்து கேட்டால் அது காஸ்டிக் சோடாவாக இருக்கலாம். மூன்றும் வெள்ளை. முதலாவது வயிற்றுக்குப் போகலாம். மூன்றாவது ஈரக் கையில் பட்டாலே தோலை வேகவைத்துவிடும்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பாய்லர் படிவை எடுக்க இப்போது அதிகம் கேட்கப்படுவது சல்பாமிக் அமிலம். அமிலம் என்றவுடன் நாம் பாட்டிலைத்தான் நினைக்கிறோம், இதுவோ பொடி. நாம் மளிகையில் விற்கும் லெமன் சால்ட்டைப் போலவே பளபளவென்று இருக்கும். பெரிய வாசனையும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணால் பார்த்து இது இன்னதென்று சொல்வது கடினம்.

நம் ஊர் பட்டுக்குப் பெயர் பெற்றது; அரிசிக்கும் அதே அளவு பெயர் பெற்றது. புழுங்கல் அரிசி ஆலை என்றால் நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் குழாய்களின் மேல் ஓடு போலப் படிந்துவிடும். படிவு ஏற ஏற உமி அதிகம் எரியும். குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆண்டு ஆய்வுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருமுன் உள்ளே சுத்தம் செய்தாக வேண்டும். ஆக, இந்தப் பவுடர் அவசியமான சரக்கு. விற்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. விற்கும் விதத்தைப் பற்றித்தான் பேச்சு.

நடைமுறை என்ன? மொத்த வியாபாரியிடமிருந்து பெயர் அச்சடிக்காத வெள்ளைச் சாக்கில் சரக்கு வருகிறது. பில்லில் "பாய்லர் பவுடர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாம் மூட்டையைப் பிரித்து, சர்க்கரை அள்ளிய அதே கரண்டியால் அள்ளி, அதே தராசில் நிறுத்து, பாலிதீன் பையில் முடிந்து கொடுக்கிறோம். மில்லுக்கு 25 கிலோ போகிறது. மீதியில் கால் கிலோ, அரை கிலோவாகக் குளியலறைக் கறை எடுக்கவும் வாளியில் உப்புக்கறை எடுக்கவும் வீடுகளுக்குப் போகிறது. அந்தப் பை அங்கே அடுப்படி அலமாரியில் எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

"பாய்லர் பவுடர்" என்பது ஒரு பெயரே அல்ல என்பதுதான் என் வாதம். அது காஸ்டிக்காக இருந்தால் காரம். சல்பாமிக்காக இருந்தால் அமிலம். இரண்டும் நேர் எதிரானவை. ஒரு குழந்தை வாயில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பவுடர்?" என்பதே. வீட்டார் நம் கடைக்கு ஓடி வருவார்கள். பாய்லர் பவுடர் என்பதற்கு மேல் நமக்கே தெரியாது என்றால், அந்த நேரத்தில் நாம் என்ன முகத்தோடு நிற்பது?

வெள்ளைப் பொடி மாறிப்போன கதை உலகத்துக்குப் புதிதல்ல. 1858-இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் மிட்டாய் செய்பவர் ஒருவர், சர்க்கரைச் செலவை மிச்சம் பிடிக்க ஜிப்சம் பொடி வாங்க மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். (கலப்படம் அங்கேயும் உண்டு!) கடை முதலாளி உடல்நலமின்றிப் படுத்திருந்தார். மேல்மாடி மூலையில் உள்ள பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடு என்று உதவியாளரிடம் சொன்னார். அவர் கைக்கு அகப்பட்ட பீப்பாயில் இருந்தது வெள்ளைப் பாஷாணம். 12 பவுண்டு நிறுத்துக் கொடுத்துவிட்டார். மிட்டாய் சந்தையில் விற்றது. சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். வழக்கு நடந்தது; யாரும் தண்டிக்கப்படவில்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லையே! ஆனால் அந்தச் சாவுகள்தான் அந்நாட்டில் விஷப் பொருள் விற்பனைக்கு 1868-இல் கடுமையான சட்டம் வரக் காரணங்களில் ஒன்றாயின.

நம் பக்கத்தில் 1958-இல் கேரளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்தும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து கசிந்து மாவில் இறங்கியது. 100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அதுவே பெரும் காரணம். ஆரணிக்கு வரும் லாரியில் பாய்லர் பவுடர் மூட்டையின் மேல் துவரம்பருப்பு மூட்டையை அடுக்குவதைப் பார்க்கும்போது அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டறைக்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. காஸ்டிக் கரைசலைச் சூடாக்கி அதில் பட்டு நூலைப் போட்டால் நூல் கரைந்து காணாமலே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டு புரதத்தால் ஆனது. நம் தோலிலும் கண்ணிலும் இருப்பதும் புரதம்தான். பட்டையே கரைப்பது கண்ணை விட்டுவைக்குமா?

ஆகவே கடையில் இதைக் கையாள்வதற்குச் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூட்டையைப் பிரிக்கும்போது தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். தூள் பறந்து முதலில் போவது கடைப் பையனின் கண்ணுக்குத்தான். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். தரையில் போடாமல் பலகை மேல், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைக்க வேண்டும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறித் தெறிக்கும். காய்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. பிளீச்சிங் பவுடரையும் சல்பாமிக்கையும் "சுத்தம் செய்கிற சாமான்" என்று ஒரே மூலையில் வைக்கிறோம். இரண்டும் ஈரத்தில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில் மூச்சு முட்டி மனிதர் விழுந்துவிடுவார். அமிலம் ஒரு சுவர், காஸ்டிக் ஒரு சுவர், பிளீச்சிங் வேறு சுவர் என்று பிரித்து வைப்பதே சரி. வாங்குபவரிடமும் சொல்லி அனுப்புங்கள்: தண்ணீரில்தான் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பவுடரின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்திலோ தகர வாளியிலோ கரைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் வாயு வரும். கரைத்த வாளியில் மறுபடி சமையல் தண்ணீர் பிடிக்கக் கூடாது. 2013-இல் பீகாரில் பூச்சிமருந்து இருந்த டப்பாவில் சமையல் எண்ணெய் வைத்திருந்ததால் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிப் பிள்ளைகள் இறந்ததை மறக்க முடியாது.

கண்ணில் பட்டால் விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று தேடி ஓடக் கூடாது. பச்சைத் தண்ணீரால் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது வெந்த தொண்டை, திரும்பும்போது இன்னொரு முறை வேகும். புளித் தண்ணீர், எலுமிச்சம்பழச் சாறு எதுவும் வேண்டாம். 108-க்கு போன் செய்து, பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சட்டம் நம்மை விட்டுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். விஷப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டால் பழைய தண்டனைச் சட்டத்தில் 284-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 286-வது பிரிவு. உணவுப் பொருளோடு ரசாயனத்தை வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. பாட்டில் அமிலத்துக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் ரிஜிஸ்டர், அடையாள அட்டை, 18 வயது என்று கட்டுப்பாடு விதித்தது. வழக்கு என்று வந்தால் மாட்டுவது சில்லறைக் கடைக்காரர்தான். பெயர் இல்லாத சாக்கில் அனுப்பியவர் பெயர் ஏட்டில் வராது. இதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

"நான் லூசில் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். தனியாக ஒருவர் நிறுத்தினால் அவருக்கு மட்டும் வியாபாரம் போகும். அதனால்தான் சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். சாக்கிலும் பில்லிலும் ரசாயனத்தின் உண்மைப் பெயர் இல்லாத சரக்கை உறுப்பினர் யாரும் இறக்கக் கூடாது. தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புக் குறிப்புத் தாளை மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்கி, அதன் ஜெராக்ஸை மில்லுக்கும் கொடுக்க வேண்டும். மூட்டை பிரித்துச் சில்லறையாக விற்பதை மளிகைக் கடைகள் நிறுத்திவிட்டு, கம்பெனி பாக்கெட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கால் கிலோவில் கிடைக்கும் சில ரூபாய் லாபம் போனால் போகட்டும். பட்டறைகளுக்கும் மில்களுக்கும் கொடுப்பவர்கள் தனி இடம், தனித் தராசு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் "விஷம்" என்ற சொல்லும் மண்டை ஓட்டுப் படமும் பெரிதாக அச்சிட்ட ஒட்டுச்சீட்டைச் சங்கமே மொத்தமாக அடித்துக் கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். அடுத்த செயற்குழுவில் இதை முதல் பொருளாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இன்று இரவு கடை சாத்துமுன் அந்த வெள்ளைச் சாக்கை உப்பு மூட்டைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.